ஜொகூர் கோத்திரம்

யாத்திரைக் கூட்டத்தை நடத்திப் போகிறவனுக்கு வேலை சாமியைக் காட்டுவது அல்ல; சாமியைப் பார்த்த பரவசத்தில் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றே தெரியாமல் போய்விட்ட ஆளைத் தேடிப் பிடிப்பதுதான். அம்மா அப்பாவையும் அவர்களோடு ஊர்ச் சனத்தையும் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும். உங்கள் உள்ளங்காலில் அந்தப் பிராகாரக் கல்லின் சூடு இன்னும் இருக்கும்.

நான் மலாயாவில், ஜொகூரிலுள்ள பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. கணக்கு எழுதுவேன், ரயில் நிலையப் பலகையை இங்கிலீஷிலும் வாசிப்பேன். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எங்கள் தோட்டத்திலிருந்து கோயில் பார்க்கக் கப்பலேறிய கூட்டத்துக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். என் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கே சரியாகக் கேட்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து எனக்கு யாத்திரைக் கிராணி என்று பேர். யார் ஊருக்குப் புறப்பட்டாலும் வந்து யோசனை கேட்கிறார்கள். யோசனை என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கதைகள்தான் இருக்கின்றன.

தேங்காய்ப் பயணி

அம்மா கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். தஞ்சாவூர்ச் சீமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, சொன்னதுதான். எனக்குத் தெரிந்ததும் அதுதான். சாயங்காலம் ரப்பர்ப் பாலை எடை போட்டுவிட்டு வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் வாசலில் உட்கார்ந்தால் தாத்தா தன் ஊர் அம்மன் கோயிலுக்குள் புகுந்துவிடுவார். கோபுரத்தில் மூன்றாவது நிலையில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு பூதம் இருக்கும், அது நம்மையே பார்க்கும் என்பார். அந்தி பூசைக்கு மணி அடித்ததும் கோபுரத்துப் புறா எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பும் என்பார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, உள்ளே ஆத்தாளுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும், ஒரு நெல்லு அளவுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்பார். கண்ணை மூடும் முன் அம்மாவிடம் அவர் கேட்டதும் அதைத்தான்: விளக்கு நெல்லு அளவாகத் தெரிகிற இடத்தில் நின்று, என் பேரைச் சொல்லி ஒரு காய் உடை.

ஆகவே லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்டுவைத்த மரத்திலிருந்து ஒரு தேங்காயை இறக்கி, நார் உரித்து, குடுமி வைத்து, பழைய சேலைத் துணியில் முடிந்து, அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பாலோ ஸ்டேஷனில் ரயிலேறும்போது அங்கம்மா அத்தை அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அத்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அப்பாவைக் கூடப்பிறக்காத அண்ணனாகக் கொண்டவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ரயில் நகரும் வரை பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "தஞ்சாவூரு பக்கம் தேங்காய் கொண்டுபோறவ இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்திதான் அண்ணி."

கப்பலில் பெரட்டு

அப்பா தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்குகிற தண்டல். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு எண்ணுவதற்கு எங்கள் பக்கம் பெரட்டு என்று பேர். பெரட்டு வைக்காமல் ஒரு நாளைத் தொடங்க அப்பாவுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் கப்பலேறிய மறுநாளே, மேல்தட்டில் பாய் விரித்துக் கிடந்த எங்கள் கூட்டத்தை எழுப்பிப் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுவும் எப்படி? கறுப்புக் கோட்டு, கையில் குடை, தலையில் உருமால். துரையின் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு அது. பயணம் முழுக்க அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார். கோயில் வாசலைத் தாண்டும் வரை உடம்பில் இருக்கும். கொடிமரம் வந்ததும் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்வார். அந்த வெயிலில் இது எதற்கு என்று கேட்டால் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடப்பார்.

பினாங்கு தாண்டியதும் கடல் புரட்டி எடுத்தது. பெரட்டு மட்டும் நிற்கவில்லை. காத்தான் மாமா எங்கள் தோட்டத்து மாட்டு வண்டிக்காரர், அம்மாவை அக்கா என்றும் அப்பாவை மச்சான் என்றும் கூப்பிடுகிற நல்ல மனிதர். மூன்று முறை பேர் கூப்பிட்டும் சத்தமில்லை. நான் போய்ப் பாயை விலக்கினேன். முகம் வெளுத்து, தகர வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அப்பாவைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கி முனகினார்: "இருக்கேன்னு சொல்ல முடியல மச்சான், ஆனா வேற எங்கயும் போயிரல."

சுண்ணாம்புக் கட்டி அடையாளம்

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் சுங்கச் சாவடி. பெட்டி, மூட்டை, தகர டின் என்று எல்லாவற்றையும் திறந்து காட்டினோம். அம்மாவின் மடி முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னார் அதிகாரி. அவிழ்த்தால் தேங்காய். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கரையெல்லாம் தென்னை மரம். அக்கரைச் சீமையிலிருந்து தேங்காய் வருகிறதென்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, காதோரம் வைத்துக் குலுக்கினார். தண்ணீர் சத்தம் கேட்டது. நான் விளக்கம் சொன்னேன். என் குரல் மேசையைத் தாண்டவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று அம்மாவையே கேட்டார். எங்க அப்பா பேரு இருக்கு என்றாள் அம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சோதனை முடிந்த பெட்டிகளில் போடுவதுபோல் தேங்காயின் மேலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "அப்பா பேருக்கு வரி கிடையாது, பத்திரமாக் கொண்டுபோங்கம்மா."

நிழல்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை முதலில் பார்த்தது என் கண் இல்லை, கழுத்து. ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி நிமிர்ந்தேன், இன்னும் நிமிர வேண்டியிருந்தது, அதற்குமேலும் இருந்தது. அதுவரை நான் பார்த்ததில் உயரமானது எங்கள் ரப்பர் ஸ்டோரின் புகைக்கூண்டு. தாத்தாவின் கதைக் கோபுரங்களைக்கூட அந்த உயரத்துக்குத்தான் மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். இது கல். கல்லின் மேல் கல், அதன் மேல் கல், ஒவ்வொன்றிலும் யாரோ உட்கார்ந்து உளி பிடித்திருக்கிறார்கள். நந்தியின் முன்னால் காத்தான் மாமா வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். வாழ்க்கை முழுக்க மாட்டோடு இருந்தவர். இந்த மாடு எழுந்து நின்றால் எந்த வண்டியில் பூட்டுவது என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. எங்கள் கூட்டம் ஒரு நாழிகைக்குப் பேச்சை மறந்தது. அங்கம்மா அத்தை உட்பட.

முதலில் வாய் திறந்தவள் அம்மா. இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். எல்லோரும் பயபக்தியோடு தரையைப் பார்த்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இருட்டாகக் குளிர்ந்திருந்த கல்தரையில் கோட்டும் கையுமாக நின்றிருந்தார் என் அப்பா. மாமனார் சொல்லைத் தட்டிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. காலடியைப் பார்த்தார், மேலே பார்த்தார், ரொம்பத் தயங்கித்தான் கேட்டார்: "அப்ப நான் எதுல நிக்கிறேன்?"

இது இல்லை

அம்மாவுக்கு நிழல் முக்கியமில்லை. அவள் தேடியது விளக்கு. தாத்தாவின் கோயில் கடைசியில்தான் வரும், வழியெல்லாம் வேறு கோயில்கள். ஆனாலும் எந்தச் சந்நிதிக்குப் போனாலும் அவள் கண் முதலில் விளக்கைத்தான் அளக்கும். கூட்டத்தில் புகுந்து, முன்னால் போய், எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புவாள். சரவிளக்கு, பாவை விளக்கு, அடுக்கு விளக்கு, எல்லாம் பார்த்தோம். ஒவ்வொன்றும் கையளவு, முழத்தளவு சுடர் விட்டு எரிந்தது. நெல்லு அளவுக்கு ஒன்றுகூட இல்லை.

திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். கூட்டம் இல்லை, குருக்களுக்கும் அவசரம் இல்லை. அம்மா தன் சந்தேகத்தை அவரிடமே கேட்டுவிட்டாள். நெல்லு அளவு விளக்கு எந்தக் கோயிலில் வைப்பார்கள் சாமி? அவர் திரியைக் குறைத்துக் காட்டினார். அம்மா இன்னும் சின்னது என்றாள். மறுபடி குறைத்தார், சுடர் அணையப் பார்த்தது. குருக்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. "இதுக்கு மேல சின்னதா வேணும்னா, நீங்கதான் தள்ளிப் போய் நிக்கணும்மா."

கோத்திரம்

மதுரையில் நுழைந்ததும் பெரட்டு தப்பியது. காத்தான் மாமாவைப் பொற்றாமரைக் குளத்துப் படியில் கண்டுபிடித்தேன். அங்கம்மா அத்தை ஒரு தூணைச் சுற்றிவந்து, அதே தூணுக்குத் திரும்பி வந்து, வேறு தூண் என்று நினைத்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக எல்லோரையும் சேர்த்து அம்மனுக்கு அர்ச்சனைக்கு நிறுத்தினேன். என்ன கோத்திரம் என்றார் பட்டர். எங்களில் யாருக்கும் அந்தச் சொல்லே புதிது. ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அப்பா மரியாதையாக, ஜொகூர் என்றார். நட்சத்திரம்? அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா யோசித்து, மகன் ரப்பர்க் கொட்டை வெடிக்கிற காலத்தில் பிறந்தவன் என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

பட்டர் நட்சத்திரத்துக்கு ஏதோ ஒன்றைத் தாமாகவே போட்டுக்கொண்டார். கோத்திரத்தை மட்டும் கேட்டபடியே சொன்னார். மணி ஒலிக்க, ஜொகூர் கோத்ரோத்பவஸ்ய என்று அவர் எடுத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கருங்கல் சந்நிதிக்குள், எத்தனையோ ராஜாக்களின் பேர் சொல்லப்பட்ட அதே இடத்தில், எங்கள் சேற்றுக் காட்டின் பேர் சுடரோடு சேர்ந்து அம்மன் முகம் வரை போய் வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  வெளியே வந்ததும் அத்தை சொன்னாள்: "நம்ம ஜொகூரு இம்மாம் பெரிய சாமி காதுல விழுந்துருச்சு, இனிமே அது சின்ன ஊரு இல்ல."

அன்றிலிருந்து ரயிலில் யார் எந்த ஊர் என்று கேட்டாலும், ஜட்காக்காரன் நீங்களெல்லாம் யார் என்று கேட்டாலும், எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரே பதிலைத்தான் சொன்னது. ஜொகூர் கோத்திரம்.

நிரை

ராமேசுவரத்தில் கிணறு கிணறாகக் குளித்து, ஈரச் சேலையும் ஈர வேட்டியுமாக அந்தப் பிராகாரத்தின் முனையில் வந்து நின்றோம். இரண்டு பக்கமும் தூண். தூணுக்குப் பின்னால் தூண். கண் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எல்லாத் தூணும் சேர்ந்து ஒரு புள்ளியாகி இருட்டில் மறைந்தது. அந்த வழியே கடற்காற்று வந்து எங்கள் மேல் பட்டது. கோயில் மூச்சு விடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. தாத்தா இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அங்கம்மா அத்தை முந்தானையைப் பிழிந்துகொண்டு முன்னால் வந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து விடியற்காலையில் வரிசை வரிசையாக நிற்கும் மரங்களின் முன்னால் போய் நின்றவள் அவள். எங்கள் தோட்டத்தில் வெட்டுக்காரிக்குப் பிரித்துக் கொடுக்கும் மரவரிசைக்கு நிரை என்று பேர். அவள் தூண்களை ஏற இறங்கப் பார்த்தாள். கை தன்னையறியாமல் இடுப்பில் கத்தியைத் தேடியது. என் பக்கம் திரும்பி, கேலி ஒரு துளியும் இல்லாத குரலில் கேட்டாள்: "இதுல என் நிரை எது தம்பி?"

பேரும் தெருவும்

தாத்தாவின் ஊர்ப் பேரை நான் எழுதப்போவதில்லை. தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோபுரம் தெரிந்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். வாய்க்காலில் முகம் கழுவி, புதுச் சேலை மாற்றி, தேங்காய் முடிச்சை மடியிலிருந்து கைக்கு எடுத்துக்கொண்டாள். நடக்கும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த வளைவு, அந்தக் குளம், குளத்துக்கு அப்பால் உடைந்த மண்டபம். வராத ஊருக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் போனாள். அப்பா ஓட்டமும் நடையுமாகப் பக்கத்தில் வந்து, பேரு தெருவெல்லாம் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்க வேணாம் என்றார். அம்மா காதில் வாங்கவில்லை.

கோபுர வாசலில் முக்காலி போட்டு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். கோட்டையும் குடையையும் பார்த்து அவராகவே எழுந்து, வாங்க, எந்த ஊரு என்றார். அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். மற்ற ஊர்களில் நாங்கள் யாரோ. இது அவள் அப்பாவின் ஊர். இங்கே அவர் பேரைச் சொன்னால் யாராவது ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவள் மனசில் ஒரு படம் இருந்தது. பேரைச் சொன்னாள். அவருடைய தகப்பன் பேரைச் சொன்னாள். தெருவின் பேரைச் சொன்னாள்.

எங்கள் தோட்டத்திலும் பெண் கொடுக்கும்போது தெருவை விசாரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவனின் காலைப் பார்ப்பார்களே தவிர, அவன் தாத்தா எந்தத் தெருவில் நடந்தார் என்று பார்த்து நான் கண்டதில்லை. அம்மாவும் கண்டதில்லை. காவல்காரர் முகம் மாறியபோது அது எதனால் என்று எங்கள் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. பத்து வயசு வரை இந்தச் சீமையில் இருந்தவர். அப்போதுதான் எனக்கு அந்தக் கோட்டு புரிந்தது. பயணம் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் எங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது அதுதான். காவல்காரர் கெட்டவரில்லை, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். தெருவுக்கு எதிர்ப்புறம், கோபுரத்துக்கு நேராக, தேர் நிறுத்துகிற கல்மேடையைக் கை காட்டினார். "உங்க ஆளுங்க நிக்கிற எடம் அந்தத் தேர்முட்டி, தாயி."

கடைசிப் பெரட்டு

அம்மா தேங்காயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேதான விளக்கு இருக்கு, உள்ளே போய்த்தான உடைக்கணும் என்று என்னிடம் கேட்டாள், ஏதோ ரயில் மாறுவதைப் பற்றிக் கேட்பதுபோல்.  கோயில் கோயிலாகக் கூட்டி வந்தவன் நான், இந்த ஒரு வாசலில் என்னால் அவளை ஓர் அடி நகர்த்த முடியவில்லை. அப்பா கோட்டைக் கழற்றினார். கொடிமரம் வருவதற்கு முன் அவர் அதைக் கழற்றியது அன்றுதான். மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து தேர்முட்டிக்குக் கூட்டிப்போனார்; நானும் போனேன்.

காவல்காரருக்கும் சங்கடம். மற்றவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தால் அவர்கள் உள்ளே போகலாம், பூசை நேரமாகிறது என்றார். எங்கள் கூட்டத்தில் எல்லாத் தெருவும் உண்டு. அங்கம்மா அத்தையை அந்த வாசலில் யாரும் தடுக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். அப்பா பெரட்டு வைக்காமல் தோளில் கிடந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். என் குரல் வழக்கம்போல மெல்லத்தான் வந்தது. ஆனால் அன்று எல்லோருக்கும் கேட்டது. காத்தான் மாமா, இருக்கேன் என்று சொல்லிவிட்டு வாசலிலிருந்து பின்னால் வந்து தேர்முட்டியில் நின்றார். ஒவ்வொருவராக இருக்கேன் என்று சொல்லி அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அத்தை மட்டும் நகரவில்லை. காவல்காரர் அவளிடம், நீங்க எந்த ஆளுங்கம்மா என்றார். அத்தை சேலையைக் கால் மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து, அம்மாவின் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, அங்கிருந்தே திரும்பிச் சொன்னாள்: "ஜொகூர் கோத்திரம்."

நெல்லு அளவு

உள்ளே மணி அடித்தது. கோபுரத்துப் புறா எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. நான் நிமிர்ந்தேன். மூன்றாவது நிலையில், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு பூதம். வண்டியிலிருந்து இறங்கிவந்த வழியில் பார்த்தபோது அதன் முகம் வேறெங்கோ இருந்தது. வாசலில் நின்றபோது அது கண்ணிலேயே படவில்லை. தேர்முட்டியிலிருந்து பார்த்தால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தோளைத் தொட்டேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது காவல்காரர் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கம் பார்க்காமலே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவர் உடம்பு மறைத்திருந்த இடம் திறந்தது. வாசலுக்குள் வாசல், அதற்குள் இன்னொரு வாசல், எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருண்டு இருண்டு போக, அத்தனை இருட்டுக்கும் கடைசியில் ஒரு சுடர். அசையவில்லை. மஞ்சளாக, நுனி கூராக, ஒரு நெல்லைக் குத்திட்டு நிறுத்தியதுபோல். தஞ்சாவூரில் நிமிர்ந்தபோது வராத நடுக்கம் எனக்கு அங்கே வந்தது. அவ்வளவு பெரிய கோயில் அந்த ஒரு நெல்லைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. தாத்தா சிறு வயசிலிருந்து கப்பலேறும் வரை அந்தி தவறாமல் இந்தக் கல்லில் நின்றிருக்கிறார். சொன்ன கதை எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து பார்த்தது.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் இன்றும் போகவில்லை, போகவும் வேண்டாம்.  தன் அப்பா பேரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். தேர்முட்டிக் கல்லில் ஓங்கி அடித்தாள். காய் நேர் பாதியாக விண்டது. ஒரு மூடியின் மேல் சுங்கக்காரர் போட்ட சுண்ணாம்புக் குறி அழியாமல் இருந்தது. பாலோத் தண்ணீர் அந்தக் கல்லில் ஓடி, தெருப் புழுதியில் இறங்கியது. பருப்பைக் கீறி எல்லோருக்கும் கொடுத்தாள். அப்பா தன் பங்கை வாங்கிக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அம்மா விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எங்கப்பா ஒரு வார்த்த பொய் சொல்லல, நாமதான் கிட்டக் கிட்டப் போய்த் தேடியிருக்கோம்."

பார்த்த கோயிலெல்லாம் ஆளைத் தொலைத்துத் தேடிய இந்த யாத்திரைக் கிராணிக்கு, ஒரு தலைகூடக் குறையாமல் பெரட்டு சரியாக இருந்த ஒரே கோயில், நாங்கள் உள்ளே போகாத கோயில்தான்.